ஜெனிட்டா கூப்பிடுகிறாள்

மாத்திரை நேரத்தை நினைவுபடுத்தும் பெட்டி பேசுவதற்கு வீட்டு ஆள் ஒருவரின் குரல் வேண்டும் என்று ஆஸ்பத்திரியில் கேட்டபோது, செல்வின் தன் மனைவி ஜெனிட்டாவிடம் அது பிரஷர் மாத்திரை என்று பொய் சொன்னான். அவளும் சிரித்துக்கொண்டே பேசிக் கொடுத்தாள்.

எச்.ஐ.வி. என்ற உண்மை தெரிந்த அன்றே அவள் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். அவளுக்குத் தொற்று இல்லை என்று ரிப்போர்ட் வந்த பிறகும் திரும்பவில்லை. "நோயச் சொல்லியிருந்தாலும் இதே குரல்லதான பேசிக் குடுத்திருப்பேன்" என்று மட்டும் சொன்னாள்.

பெட்டி தினமும் சாயங்காலம் அவள் குரலில் கூப்பிட்டது. அவன் ஒருநாள்கூட மாத்திரையைத் தவறவிடவில்லை.

இன்று நர்ஸ் போன் செய்தாள். "ரத்தத்துல கிருமி தெரியவே இல்லண்ணே. மாத்திரைய மட்டும் விட்றாதீங்க. அப்புறம்... அண்ணி தன் குரல எடுத்துரச் சொல்லிட்டாங்க. நாளைலருந்து வேற குரல் வரும்."

மாத்திரையை விழுங்கிவிட்டுப் பொத்தானை அழுத்தும்வரை பெட்டி விடாமல் கூப்பிடும். செல்வின் மாத்திரையை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, தண்ணீர் டம்ளரைத் தொடாமல் இருந்தான்.

"என்னங்க, மாத்திரையப் போட்டுட்டு வாங்க, சாப்புடலாம்."

"இந்தா வந்துட்டேன்" என்று சொல்லிவிட்டு, அப்படியே உட்கார்ந்திருந்தான்.