இரண்டு இதயமுள்ள மீன்

மார்ச் 12. இன்று ஒரு சிறிய தவறு செய்தேன். மாலை ஆய்வக வகுப்பில் எனக்கும் ஜெசிந்தாவுக்கும் சேர்த்து ஒரு மீன்குஞ்சு தந்திருந்தார்கள். அரிசி மணியைவிடச் சிறியது, உயிருள்ளது. கண்ணாடிபோன்ற கூழில் அதை நிறுத்தி, லேசர் ஒளியை மெல்லிய ஏடாகப் பாய்ச்சி, ஏடு ஏடாகப் படமெடுத்து அடுக்கினால் முழு உடலும் திரையில் எழும்; அந்தப் படத்துக்குத்தான் மதிப்பெண். ஒளி மறுபக்கத்தை எட்டாது என்பதால், குஞ்சைத் திருப்பி இன்னொரு முறை எடுக்க வேண்டும். எவ்வளவு திருப்பினேன் என்று குறித்துக்கொள்ள மறந்துவிட்டேன். படங்களைச் சேர்த்தபோது அவை பொருந்தாமல், அருகருகே இரண்டு இதயங்கள் தெரிந்தன.

"ஒண்ணு எனக்குக் குடுத்துடேன்" என்று ஜெசிந்தா சிரித்தாள்.

மறுபடி எடுக்க லேசர் பொத்தானில் கை வைத்தேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வேணாம்பா. துடிப்பு எவ்ளோ மெதுவாயிடுச்சு பாரு. இன்னொரு தடவ வெளிச்சம் பட்டா தாங்காது."

"படம் சரியில்லன்னா ரெண்டு பேரும் ஃபெயில்."

"ஃபெயிலானா ஆவோம். அடுத்த வருஷம் சேர்ந்தே வரலாம்."

அவள் சொன்னது சரிதானா என்று இப்போதும் எனக்குத் தெரியவில்லை. லேசரை அணைத்தேன். கூழை மெல்லக் கீறிக் குஞ்சைக் கிண்ணத்துத் தண்ணீரில் விட்டோம். அது ஒருக்களித்துக் கிடந்தது. ஜெசிந்தா தன் கைக்குட்டையால் கிண்ணத்தை மூடினாள்.

நாளை செய்ய வேண்டியது: வகுப்பு தொடங்கும் முன்பே போய், அது நீந்துகிறதா என்று வெறுங்கண்ணால் பார்க்க வேண்டும்.