அப்டேட்டுக்குப் பிறகு

“மறுபடியும் நீலத் திரை!” ரக்ஷனாவுக்கு அழுகையே வந்துவிட்டது. “நேத்து அப்டேட் போட்டதிலிருந்து இப்படித்தான் படுத்துது. திங்கட்கிழமை கொடுக்க வேண்டிய டிசைன் எல்லாம் உள்ளே மாட்டிக்கிச்சு.”

பொங்கோலிலிருந்து வந்திருந்த நிதீஷ், சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தான்.

“சேஃப் மோட்ல வருதா பார்ப்போம்... வந்துடுச்சு!”

“வந்துடுச்சா? இப்ப என்ன செய்யணும்?”

“அந்த அப்டேட்டைத் தூக்கிட்டு, பழையபடி மாத்திடவா?”

“மாத்துங்க, மாத்துங்க!”

கம்ப்யூட்டர் அணைந்து, மீண்டும் உயிர் பெற்றது. இருவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தார்கள். டிசைன் அத்தனையும் பத்திரமாகத் திரையில் வந்து நின்றது.

“ஓகே! ஓகே!” என்று துள்ளினாள் ரக்ஷனா.

“டபுள் ஓகே!” என்று கத்தினான் நிதீஷ்.

அறைக் கதவைத் திறந்தால், கூடத்தில் பெண் பார்க்க வந்திருந்த கூட்டம் முழுவதும் கைதட்டியது.

“தனியாப் பேசிட்டு வாங்கன்னு அனுப்பினோம். அதுக்குள்ள ரெண்டு பேருமே ஓகே சொல்லிட்டாங்க!” என்றபடி நிதீஷின் அம்மா, தேக்கா சந்தையில் வாங்கி வந்த மல்லிகைச் சரத்தை ரக்ஷனாவின் தலையில் வைத்தே விட்டார்.

நிதீஷ் திருதிருவென்று விழித்தான். பிறகு மெல்ல அவள் பக்கம் சாய்ந்தான்.

“பழையபடி மாத்திடவா?”

“வேணாம்லா” என்றாள் ரக்ஷனா.