எண்பதுக்கு அடுத்து

“அறுபது, எழுபது, எண்பது, ஒன்பது, நூறு.”

சொல்லி முடித்துவிட்டு, வகுப்பே வாலு என்று கூப்பிடும் அந்தச் சிறுமி, முன்பல் இல்லாத வாயைத் திறந்தபடி மதிப்பீட்டுக்கு வந்தவளின் முகத்தையே பார்த்தாள்.

பேனா தாளைத் தொடாமல் நின்றது.

விதி தெளிவாகத்தான் இருந்தது. முதல் வகுப்பு முடிவதற்குள் பிள்ளை பத்துப் பத்தாக நூறுவரை பிழையின்றிச் சொல்ல வேண்டும். ஒரு சொல் தப்பினாலும் ‘எட்டவில்லை’. எட்டாதவர்கள் கூட்டாளிகளோடு மேல்வகுப்புக்குப் போக முடியாது. படிக்கட்டுக்குக் கீழே தனியறை.

வேலைக்குச் சேர்ந்து அவள் பார்க்கும் முதல் பள்ளி இது. நாற்காலியில் இருப்புக் கொள்ளவில்லை.

பிள்ளைமேல் என்ன குற்றம்? எழுபது, எண்பது என்று ஒழுங்காக வந்த வரிசையில், கல்யாண வீட்டு மாப்பிள்ளைபோல முறுக்கிக்கொண்டு நிற்பது தொண்ணூறுதானே.

கேட்கக் கூடாததைக் கேட்டாள். மேசையோரம் யாரோ விட்டுப்போயிருந்த, பத்துப் பத்தாக ரப்பர் வளையம் போட்ட குச்சிக் கட்டுகளைக் காட்டி, அந்த ‘ஒன்பதை’ எடுத்து வைக்கச் சொன்னாள்.

வாலு நிதானமாக ஒன்பது கட்டுகளை எடுத்து வைத்தாள். பிறகு அவற்றைக் கொண்டு வீடு கட்டத் தொடங்கினாள்.

மதிப்பிடுகிறவர் முகத்தில் எதுவும் தெரியக் கூடாது என்று மாலைநேரப் பயிற்சி வகுப்பில் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்கள். அவளோ வாய்விட்டுச் சிரித்துவிட்டாள். மையால் ‘எட்டியது’ என்று டிக் போட்டாள். கூரை ஏறும்வரை காத்தும் இருந்தாள்.

அடுத்து வந்தவன் மூச்சுவிடாமல் ஒப்பித்தான். எண்பது, ஒன்பது, நூறு. அவள் எதுவும் கேட்பதற்கு முன்பே அவன் கை கட்டுகளை நோக்கி நீண்டது.

மூன்றாவது பிள்ளையும் ஒன்பதைத்தான் சொன்னது. நான்காவதும்.

ஒரு பிள்ளைக்குத் தானாகத் தோன்றினால் அது யோசனை. வகுப்பே சொன்னால் அது பாடம். டீச்சரே தப்பாகச் சொல்லிக்கொடுத்திருக்கிறார். அது தெரியாமல் உருகிவிட்டோமே என்று தன்மேலேயே எரிச்சல் வந்தது. கட்டுகளை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

மூன்று பேருக்கும் பெருக்கல் குறி. மூன்று பேருக்கும் கீழறை. மையால் போட்டதை மாற்ற முடியாது. மறுபடி கேட்கவும் விதியில் இடமில்லை.

டீச்சரிடமே கேட்டுவிடலாம் என்று எழுந்துபோய்க் கதவை லேசாகத் திறந்தாள்.

டீச்சர் தாழ்வாரத்தின் அந்தக் கோடியில் நகம் கடித்துக்கொண்டு நின்றார். இந்தப் பக்கம், பிள்ளைகளின் வரிசைக்கு நடுவே வாலு. எனக்குக் குச்சியே தரலையே என்று முறைத்துக்கொண்டிருந்தவனைச் சமாதானப்படுத்திக்கொண்டிருந்தாள்.

“நீ வேகமா சொல்லிட்டடா, அதான். எல்லாரும் கேட்டுக்கங்க. தெரிஞ்சாலும் தொண்ணூறுன்னு சொல்லிடாதீங்க. மெதுவா ஒன்பதுன்னு சொன்னா மிஸ் சிரிப்பாங்க, வீடு கட்ட விடுவாங்க.”

வரிசையில் முதலில் நின்ற குழந்தை தலையாட்டியது. உதடுவரை வந்த தொண்ணூறை விழுங்கிவிட்டு, கதவை நோக்கி வந்தது.