குருவிக்கு ஜெர்மன் தெரியும்

"ஜெர்மன் மொழியில் சிறந்த மாணவிக்கான விருது, குருவிக்கு!"

அறிவிப்பாளர் கூவியதும், மேடையில் நின்றிருந்த டீச்சர் கூட்டத்தைக் கண்ணால் துழாவினாள். சற்று முன்புதான் சிறந்த மொழி ஆசிரியருக்கான கேடயம் அவள் கைக்கு வந்திருந்தது. கேடயம் நல்ல கனம். தலைக்கனம் அதைவிடக் கொஞ்சம் கூடுதல்.

குருவியை அவள் பார்த்ததே இல்லை. இணைய வகுப்பில் அந்தப் புனைபெயரோடு சேர்ந்து, கேமராவைத் திறக்காத மாணவி. மைக் பழுது என்று முதல் நாளே தட்டச்சு செய்துவிட்டாள். பேச்சுத் தேர்வைக்கூட வேறொரு ஆசிரியர்தான் நடத்தினார்.

ஆனால் கேள்வி கேட்டு வாயை மூடுவதற்குள் திரையில் பதில் வந்து விழும். ஜெர்மனில் கரண்டி ஆண்பால், முள்கரண்டி பெண்பால், கத்தி ரெண்டுங்கெட்டான் என்று சொன்னால் மற்றவர்கள் தலையில் அடித்துக்கொள்வார்கள். குருவி மட்டும், கஞ்சத்தனம் என்ன பால் என்று கேட்பாள். ஆண்பால் என்று பதில் சொன்னதற்கு, 'அதானே பார்த்தேன்' என்று எழுதினாள்.

வெளிநாட்டு வேலைக்குத் துடிக்கிற சின்னப் பெண் என்று டீச்சரே முடிவு கட்டினாள். விருதுக்குப் பரிந்துரைத்ததும் அவளேதான்.

இரண்டாவது வரிசையில் கணவனும் மாமியாரும் உட்கார்ந்திருந்தார்கள்.

மாமியார் எழுந்தார்.

கழிப்பறையைத் தேடுகிறார் என்று நினைத்த டீச்சர், அது பின்பக்கம் என்று ஜாடை காட்டினாள். மாமியார் அதைச் சட்டை செய்யவில்லை. கைப்பையைத் தோளில் ஏற்றிக்கொண்டு மேடைப் படியில் கால் வைத்தார்.

டீச்சர் கணவனைப் பார்த்தாள்.

அவர்கள் வீட்டில் ஜெர்மன் ஒரு பூட்டு. கணவன் அவளுடைய பழைய மாணவன். பாடத்தை முடிப்பதற்குள் டீச்சரைக் கட்டிக்கொண்டவன். சாப்பாட்டு மேசையில் மாமியாரை எதிரே வைத்துக்கொண்டே இருவரும் ஜெர்மனில் அவரை மென்று தின்பார்கள். அம்மா என்றோ அத்தை என்றோ வாய்தவறி வந்துவிடக் கூடாதென்று அவருக்கு 'வானிலை' என்று பட்டம். இன்றைக்கு வானிலை எப்படி? காலையிலிருந்து இடி. நாத்தனார் வருகிறாள், புயலாக மாறலாம்.

"என்னமோ பேசிக்கிறீங்க, கேக்க நல்லாத்தான் இருக்கு" என்று மாமியார் பரிமாறிக்கொண்டே சிரிப்பார்.

மதியம் டீச்சர் தன் அறையில் வகுப்பு எடுக்கும்போது, சுவருக்கு அந்தப் பக்கம் மாமியார் கதவைச் சாத்திக்கொண்டு, காதில் இயர்போனைச் செருகிச் சொற்பொழிவு கேட்பார். யாருடைய சொற்பொழிவு என்பது டீச்சருக்கு இப்போதுதான் விளங்கியது.

மாமியார் மைக்கைப் பிடித்து, தெளிவான ஜெர்மனில் ஆரம்பித்தார்.

"எல்லோருக்கும் வணக்கம். நான்தான் வானிலை."

அரங்கம் கைதட்டியது. முன்வரிசையில் இருந்த மற்ற ஜெர்மன் ஆசிரியர்கள், ஏதோ கவிதை போலிருக்கிறது என்று தலையாட்டினார்கள். கணவன் மட்டும், கீழே விழாத பேனாவைத் தேடிக் குனிந்தவன் நிமிரவே இல்லை.

மாமியார் தொடர்ந்தார். தன் டீச்சர் தங்கமானவர், வீட்டுப்பாடத்தில் கண்டிப்பானவர் என்றார். காதால் கேட்டுப் பழகும் பயிற்சி தனக்கு மற்ற மாணவர்களைவிட அதிகம் கிடைத்தது, அதுவும் வேளாவேளைக்குக் கிடைத்தது என்றார். குறட்டை, பொறாமை, கஞ்சத்தனம் போன்ற அரிய சொற்களை உதாரணத்தோடு கற்றதாகச் சொன்னார். உதாரணம் யார் என்பதை மட்டும் சொல்லவில்லை.

என்னென்ன பேசினோம் என்று டீச்சர் மனதுக்குள் புரட்டிப் பார்த்தாள். குறட்டை. பல்செட். தனிக்குடித்தனம். மறுபடியும் பல்செட். பூமி பிளந்து விழுங்கினால் தேவலை என்றிருந்தது. மேடையோ மரப்பலகை, பிளக்கிற உத்தேசத்தில் இல்லை.

விருதை அவள் கையால்தான் கொடுக்க வேண்டும். நீட்டினாள்.

"அத்தை, நான் வந்து..."

"சிரிம்மா, போட்டோ எடுக்கறாங்க."

இருவரும் சிரித்தார்கள். வெளிச்சம் பளிச்சென்று வெட்டியது. மாமியார் விருதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு மருமகளை இழுத்து அணைத்தார். காதருகே, மைக்குக்கு எட்டாமல், ஜெர்மனில் ஒரே ஒரு வாக்கியம் சொன்னார்.

உன் குழந்தைக்காக நானும் அழுதேன்.

டீச்சரின் சிரிப்பு பாதியில் நின்றது.

கரு கலைந்துபோனதை அவள் யாருக்கும் சொல்லவில்லை. பெற்ற அம்மாவுக்கும் தெரியாது. கணவனும் அவளும் அதை வாய்விட்டுப் பேசியதே ஒருமுறைதான். சாப்பாட்டு மேசையில், ஜெர்மனில், கரண்ட் பில்லைப் பற்றிப் பேசுகிற குரலில். மாமியார் அப்போது தம்ளரில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்.

அதன் பிறகு அவர் 'ஏதாச்சும் விசேஷமா?' என்று கேட்டதே இல்லை. அதைக் கேட்பதற்கென்றே வீட்டுக்கு வந்த சொந்தக்காரர்களையும் பேச்சை மாற்றி, வாசல்வரை கொண்டுபோய் விட்டுவிட்டு வருவார். கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது போல என்றுதான் டீச்சர் நினைத்திருந்தாள்.

கூட்டம் இன்னும் கைதட்டிக்கொண்டிருந்தது.

மாமியாரின் தோளில் முகம் புதைந்திருக்க, பழக்கதோஷத்தில் அவள் அந்த வாக்கியத்தைத் திருத்தப் பார்த்தாள். வேற்றுமை, வினை, காலம்.

ஒரு பிழையும் இல்லை.