சிறுமூளையில் பழுப்புப் புள்ளிகள்

திரையில் தவளையின் மூளை.

நிஜத்தில் வேர்க்கடலை அளவு. இங்கே சுவர் முழுக்க.

அவள் லேசர் ஒளியை நகர்த்தினாள். ஹைப்போதலாமஸில் பழுப்பு அடர்ந்திருந்தது. நரம்புச் செல்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ள உதவும் நியூரோபெப்டைடு எங்கெல்லாம் இருக்கிறதோ அங்கெல்லாம் சாயம் பழுப்பாகப் பிடிக்கும். பார்வை மடலில் மெல்லிய இழைகள்.

அடுத்தது சிறுமூளை.

அங்கே புள்ளிகள் அதிகமில்லை. ஆனால் அவை சாரின் புள்ளிகள்.

‘உலகிலேயே முதன்முறையாக’ என்று வாசலில் ஃப்ளெக்ஸ் கட்டியிருந்தார்கள். அதில் சார், அவளுடைய நெறியாளர் முனைவர் அருமைநாயகம், சிரித்துக்கொண்டிருந்தார். தவளை மூளையும் இருந்தது, அவர் காதுக்குப் பக்கத்தில், காது அளவில். சிறுமூளையில் அந்தப் பெப்டைடைக் கண்டவர் என்று அவருக்கு விருதெல்லாம் கொடுத்திருக்கிறார்கள். பொன்னாடைகளுக்குக் கணக்கில்லை. அது அங்கே என்ன செய்கிறது என்று யாரும் கேட்டதில்லை. கேட்டால் அவரும் தவளையைப் போலத்தான் விழிப்பார்.

இன்று அவளுடைய வாய்மொழித் தேர்வு. யாரும் வரலாம், யாரும் கேள்வி கேட்கலாம் என்பது விதி. அரங்கு நிறைய வந்திருந்தார்கள். கேட்டால் பிரியாணி தாமதமாகும் என்பதும் அவர்களுக்குத் தெரியும்.

முடிவில் சார் கையெழுத்துப் போட்டால் அவள் முனைவர். போடாவிட்டால், முப்பத்தாறு வயதில் தவளை அறுக்கத் தெரிந்த ஒருத்தி.

வெளியூரிலிருந்து வந்திருந்த தேர்வாளர் விரலைத் தூக்கினார். கண்ட்ரோல் படம் எங்கே என்று கேட்டார்.

கண்ட்ரோல் என்பது இன்னொரு மூளைத்துண்டு. பெப்டைடைத் தேடிப் பிடிக்கும் மருந்தை மட்டும் அதில் ஊற்றமாட்டார்கள். மற்றதெல்லாம் அதேதான். அதில் பழுப்பு தெரியக் கூடாது.

அவளுடையதில் தெரிந்தது.

சிறுமூளையில். அதே புள்ளிகள்.

மூளையைச் சுற்றிய சவ்விலும் தவளைக்கு நிறமிச் செல்கள் உண்டு. பிறவிப் பழுப்பு. சாயத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. விருதுக்கும் இல்லை.

ஆய்வேட்டைக் கொடுத்த பிறகுதான் சந்தேகம் வந்து அவள் கண்ட்ரோலைச் செய்து பார்த்தாள். போன வாரம் படத்தைச் சாரிடம் கொண்டுபோனாள். அவர் வெகுநேரம் பார்த்தார். இதையெல்லாம் யாரும் கேட்கப்போவதில்லை, எடுத்துவிடு என்றார். பிறகு போனை எடுத்து, தேர்வாளருக்கு மீன் ஆகுமா என்று யாரிடமோ விசாரித்தார்.

அவள் எடுக்கவில்லை. ‘நன்றி’ என்ற கடைசி ஸ்லைடுக்குப் பின்னால் தள்ளி வைத்தாள். துணிச்சல் இல்லை அது. அழிக்கக் கை வரவில்லை, அவ்வளவுதான்.

சார் எழுந்தார். நேரமாகிறது, சாப்பாடு ஆறிவிடும் என்றார்.

தேர்வாளர் எழவில்லை.

சார் அவள் பக்கம் திரும்பினார். குரலில் அவ்வளவு கனிவு.

“அந்த ஃபைல் கரப்ட் ஆயிடுச்சுல்லம்மா?”

தலையை அசைத்தால் போதும். வாயைக்கூடத் திறக்க வேண்டாம்.

விரல் பொத்தானின் மேல் இருந்தது.

அழுத்தினாள்.

திரையில் ‘நன்றி’. ஒரு ரோஜாப்பூ. நன்றி வந்தால் கைதட்டுவது வழக்கம். தட்டினார்கள். முன்வரிசையில் யாரோ பொன்னாடையின் பிளாஸ்டிக் உறையைப் பிரிக்கும் சத்தம்.

இன்னொரு முறை அழுத்தினாள்.

கைதட்டல் ஒரேயடியாக நிற்கவில்லை. படம் புரிந்தவர்கள் முதலில் நிறுத்தினார்கள். மற்றவர்கள் இன்னும் கொஞ்சம் தட்டினார்கள்.

தேர்வாளர் ஆய்வேட்டில் சிறுமூளைப் பக்கத்தைப் பிரித்தார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு திரைக்கு அருகில் போனார். ஏட்டைப் பார்த்தார். திரையைப் பார்த்தார். மறுபடியும் ஏட்டை.

சாரின் சிரிப்பு முகத்திலேயே மாட்டிக்கொண்டது. கழற்ற அவருக்கு வழி தெரியவில்லை.

தேர்வாளர் திரும்பாமலே கேட்டார்.

“இத சார் பாத்தாராம்மா?”

பார்த்தார் என்றால் கையெழுத்து போகும்.

பார்க்கவில்லை என்றால் மறைத்தவள் அவள் ஒருத்திதான்.

சார் அவளைப் பார்த்தார். இத்தனை வருடத்தில் அவள் என்ன சொல்லப்போகிறாள் என்று அவர் காத்திருந்ததே இல்லை.

அவர் முன்னால் இருந்த மைக்கை அவள் தன் பக்கம் திருப்பினாள்.