ஜோடித் துண்டு

மூன்றாவது தடவையும் துண்டு தெறித்து விழுந்தது.

சிமெண்டுத் தரையில் 'டிங்' என்று ஒரு சத்தம். அவ்வளவுதான், பட்டறைக்காரனின் இரண்டு கைகளும் எதையோ ஏந்துவது போலத் தாமாகவே முன்னால் நீண்டுவிட்டன. விழுந்து முடிந்த பிறகு நீண்டு என்ன பிரயோசனம்? கால்சட்டையில் கையைத் துடைப்பது போலச் சமாளித்துக்கொண்டு பேண்ட்சா என்ற அறுவை மெஷினை நிறுத்தினான்.

சின்னதாக எது விழுந்தாலும் இப்போதெல்லாம் அவனுக்கு இப்படித்தான். ஸ்குரூ, பேனா மூடி, எதுவானாலும்.

மச்சினன் ஒரு டின்னைக் கவிழ்த்துப் போட்டு, அதன்மேல் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தான். வாய் ஓயாத ஆள். அக்காள் கல்யாணத்தன்று மாப்பிள்ளையின் காதைப் பற்றி ஊரே சிரிக்கக் கிண்டல் செய்தவன். இன்றைக்கு வந்ததிலிருந்து வாயைத் திறக்கவில்லை.

விஷயம் ரொம்பச் சின்னது. அம்மா வீட்டில் பிள்ளை பெற்ற மனைவி, கைக்குழந்தையோடு இன்று சாயங்காலம் திரும்பி வருகிறாள். படுக்கையறை ஜன்னலில் தடுப்பு மாட்டியிருந்தால்தான் படியேறுவாள். இல்லாவிட்டால் வந்த வண்டி அப்படியே திரும்பிவிடும். செய்தாயிற்றா என்று கண்ணால் பார்த்துச் சொல்லத்தான் தம்பியை முன்னால் அனுப்பியிருக்கிறாள். புருஷன் பேச்சின் மேல் அவ்வளவு நம்பிக்கை.

ஜன்னலைக் கம்பி போட்டு முறுக்கிக் கட்டியிருப்பதாக அவன் போனில் சொன்னான். பிள்ளைக்குக் காற்று வேண்டாமா என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டாள். கம்பி கட்டியும்தான் என்ன? வீட்டில் தனியாக இருக்கும்போது அந்தத் தள்ளு ஜன்னலின் கதவு சரக்கென்று நகரும் சத்தம் அவனுக்குக் கேட்கிறது. ஓடிப்போய்ப் பார்த்தால் மூடியபடியே இருக்கிறது.

தடுப்பு என்றால் கோட்டைக் கதவு ஒன்றும் இல்லை. கட்டைவிரல் நுனி அளவுக்குப் பித்தளை. சாய்வாக அறுத்து ஜன்னல் சட்டத்தின் பள்ளத்தில் இறக்கிவிட்டால், கதவு நான்கு விரல் அகலத்துக்கு மேல் நகராது.

குப்புற விழக்கூடத் தெரியாத குழந்தைக்கு ஜன்னலில் எதற்குக் காவல் என்று யாரும் கேட்கவில்லை.

மெஷினுக்கு அடியில் கையை விட்டுத் துண்டைத் துழாவி எடுத்து, மெஷினின் பிடிகருவியான வைஸின் ஓரத்தில் வைத்து மறுபடி இறுக்கினான். ஒரு ஓரத்தில் மட்டும் கவ்வினால் வைஸின் தாடை மறு ஓரத்தில் கோணிக்கொள்ளும். பிடி இருப்பது போலத் தோன்றும், இருக்காது. பிளேடு தொட்டதும் துண்டைத் துப்பிவிடும். மறு ஓரத்தில் மரச்சில்லு வைத்துப் பார்த்தான், நசுங்கியது. அட்டையை மடித்து வைத்தான், வழுக்கியது.

"சின்னத் துண்டை மெஷின் பிடிக்காதும்மா."

ஒரு காலத்தில் மனைவியிடம் இதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தான். ஊருக்கெல்லாம் உடனே செய்து கொடுக்கிற கை, வீட்டு வேலை என்றால் மட்டும் நாளைக்கு. அவளும் நம்பினாள். மெஷினைப் பற்றி அவளுக்கு என்ன தெரியும்?

பிடிக்கும். அதே கனத்தில் இன்னொரு துண்டை மறு ஓரத்தில் வைத்தால் தாடை நேராக நிற்கும், எவ்வளவு சின்னதையும் கவ்விக்கொள்ளும். அந்த ஜோடித் துண்டுக்கு வேறு வேலை இல்லை. பிளேடு அதைத் தொடாது. சும்மா இருந்தால் போதும். தொழிலுக்கு வந்த புதிதிலேயே அவன் தெரிந்துகொண்ட விஷயம் இது.

இந்தக் கனத்தில் பட்டறையில் ஒன்றே ஒன்று இருக்கிறது, மேஜை இழுப்பறையில். அந்த இழுப்பறையை அவன் திறப்பதில்லை.

அதனால் மெஷினை ஓடவிட்டு, துண்டை விரலாலேயே அழுத்திப் பிடித்தான். பிளேடு மெல்ல இறங்கியது. நகத்துக்கும் அதற்கும் நடுவே நூலளவு இடைவெளி. விரல் போனால் போகட்டும் என்று தோன்றியபோது மனசுக்கு நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதியைக் கண்டுதான் பயந்துபோனான்.

மச்சினன் எழுந்து வந்து சுவிட்சை அணைத்தான். விரல்கள் ஐந்தும் இருக்கின்றனவா என்பது போல ஒரு பார்வை பார்த்துவிட்டு அங்கேயே நின்றுகொண்டான்.

பட்டறைக்காரன் போய் இழுப்பறையைத் திறந்தான். பழைய சாவிகள், தீர்ந்துபோன டேப், அதற்கெல்லாம் அடியில் துணியில் சுற்றிய பித்தளைத் துண்டு. இதே பட்டையில், இதே அளவில், இதே ஜன்னலுக்காக என்றைக்கோ வெட்டிப் போட்டது. சாய்வு அறுப்பது மட்டும்தான் பாக்கி. இதையே அறுத்து மாட்டிவிடலாம்தான். ஆனால் இது மூத்த மகளுக்கென்று எடுத்தது. அறுக்க மனம் வரவில்லை.

மறு ஓரத்தில் அதை வைத்து வைஸை இறுக்கினான். சின்னத் துண்டு இம்மியும் அசையவில்லை.

பிளேடு இறங்கியது. ஒரு கொட்டாவி விடும் நேரம்தான். சாய்வாக அறுபட்ட முனை தட்டில் போய் உட்கார்ந்தது.

மச்சினன் அதை எடுத்தான். சூடு பொறுக்காமல் கை மாற்றிக் கை மாற்றி ஊதினான். பிறகு உள்ளங்கையில் வைத்து வெகுநேரம் பார்த்தான்.

"இவ்வளவுதானா, மாமா?"

கிண்டலாகக் கேட்கவில்லை. அன்றைக்கு மூன்று மாடி இறங்கி ஓடி, அந்த ஜன்னலுக்கு நேர் கீழே கிடந்த பெரியவளை அள்ளி எடுத்தவன் அவன்தான்.

பட்டறைக்காரன் வைஸைத் தளர்த்தினான். மறு ஓரத்தில் இருந்த துண்டு பிடி விட்டு நழுவியது. இரண்டு கைகளும் தாமாக நீண்டன.

இந்தத் தடவை பிடித்துவிட்டான்.

பிடித்ததை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றான்.