கலப்புப் பெரணி

கண்ணாடித் தட்டின் மூடியைத் திறக்கும் முன் அவள் கையைத் துடைத்துக்கொண்டாள். ஏற்கெனவே துடைத்த கைதான்.

உள்ளே ஈரமண். அதன்மேல் அவள் தூவியிருந்தது, பெரணி இலையின் அடியிலிருந்து உதிர்ந்த பழுப்புத் தூள். பூக்காத செடிக்கு அதுதான் விதை.

அந்தப் பெரணி உலகத்திலேயே ஒரே ஒரு மலைச்சரிவில்தான் இருக்கிறது. சரிவை வெட்டிச் சாலை போட ஆட்கள் தயார். தனி இனம் என்று ஆய்வகம் எழுதிக் கொடுத்தால் சாலை வளைந்து போகும். அக்கம்பக்கத்தில் மண்டிக்கிடக்கும் இரண்டு பெரணிகள் கலந்து பிறந்த வெறும் கலப்பு என்றால், மண்ணோடு மண்.

துறைத்தலைவர் பார்த்த மாத்திரத்தில் தீர்ப்புச் சொல்லிவிட்டிருந்தார்.

“அப்பன் மூக்கு, ஆத்தா முழி. இதுல ஆராய என்னம்மா இருக்கு? கலப்புக்கு வம்சம் கிடையாது. தூவித்தான் பாரேன், ஒண்ணும் முளைக்காது.”

அறையில் எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்து வைத்தாள்.

அவர் சொன்னதில் பாதி உண்மை. இலை விளிம்பு ஒன்றினுடையது, தண்டின் ரோமம் மற்றொன்றினுடையது. அதை மறுக்க வழியில்லை. ஆனால் கலந்து பிறந்தது தானாகப் பெருகத் தொடங்கிவிட்டால், அது யாருடைய மிச்சமும் இல்லை. தனி இனம். அவர் நடத்தும் பாடத்திலேயே அப்படித்தான் இருக்கிறது.

தட்டை உருப்பெருக்கியின் கீழ் வைத்தாள்.

மண். மண். மண்.

மயிரிழை அளவு நகர்த்தினாள்.

பச்சை. கடுகைவிடச் சிறிதாக ஒன்று. பக்கத்தில் இன்னொன்று. அப்புறம் ஓரம் முழுக்க, வேர்க்குரு பூத்ததுபோல.

துறைத்தலைவர் பேனாவைத் திறந்தபடியே உள்ளே வந்தார். கையில் அறிக்கை. கையெழுத்துப் போட வேண்டியதுதான் பாக்கி.

“என்னம்மா, கலப்புன்னு எழுதிடலாமா?”

அவள் எழுந்து நாற்காலியை அவருக்கு விட்டாள்.

“கலப்புதான். தனி இனமும்தான். முளைச்சிருக்கு. வந்து பாருங்க, பெரியப்பா.”

வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அவருக்கு அவள் வாயில் “சார்” தவிர வேறு பெயர் இருந்ததில்லை. இருவருக்கும் தெரியும். இருவரும் சொல்லிக்கொண்டதில்லை.

வேற்றுச் சனத்தில் பெண்ணெடுத்தான் என்று ஒரே தம்பியைத் தலைமுழுகியவர், உருப்பெருக்கியின்மேல் குனிந்தார்.

வெகுநேரம் நிமிரவில்லை.

பிறகு, கண்ணை எடுக்காமலே, பேனாவை அவள் பக்கம் நீட்டினார்.